குப்பைத்தொட்டி வீடு

வாய்க்கால் மேட்டு வீதிக்குக் குப்பைத்தொட்டி வேண்டும் என்று முதலில் கேட்டவள் சந்திரகலாதான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலமும் அவளுக்கு இருந்தது.

முதலியார்பேட்டையில் மில்லுக்குப் போகிறவர்களும் கொத்து வேலைக்குப் போகிறவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்த வீதி அது. மேற்குக் கோடி மேடு, கிழக்குக் கோடி பள்ளம். வீடுகளின் கொல்லைச் சுவரை ஒட்டிக் கழிவுநீர் வாய்க்கால் ஒன்று போனது. அடுப்புச் சாம்பல், மீன் செதில், எச்சில் இலை, உடைந்த பாட்டில், செத்த எலி எல்லாமே கொல்லைச் சுவரைத் தாண்டிப் போய் விழும். விழுந்த சத்தத்தோடு வீட்டுக்காரர்களுக்கும் அதற்கும் உறவு முடிந்தது. கேட்டால், "தண்ணி இழுத்துக்கினு பூடும்" என்பார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் அடைமழை பிடித்தபோது தண்ணீர் எதையும் இழுத்துக்கொண்டு போகவில்லை. வாய்க்கால் அடைத்துக்கொண்டது. கருத்த தண்ணீர் திரும்பி வந்து, பள்ளத்துக் கோடியில் கடைசியாக இருந்த குஞ்சம்மாள் வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்கு ஏறியது.

குஞ்சம்மாளின் புருஷன் பாவாடை, கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து இறந்து போனவன். அவன் விட்டுப்போனது அந்த ஓட்டு வீடும், வேம்பு என்ற பையனும்தான். காலையில் வாசலிலேயே அடுப்பு வைத்து இட்லி சுட்டு விற்று அவள் பிழைத்தாள். மழை விட்டுத் தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவிவிட்டு, வழக்கம்போலத் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். வாய்க்கால் தண்ணீர் கிணற்றிலும் இறங்கியிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. பையனுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். பையன் தங்கவில்லை. அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தான்.

காரியம் முடிந்த மறுநாள், ஆண்கள் கடப்பாறை எடுத்துப்போய் வாய்க்கால் அடைப்பைக் குத்தி எடுத்தார்கள். உள்ளேயிருந்து பஞ்சுக் கழிவும் வாழைமட்டையும் கிழிந்த பாயும் மூட்டை மூட்டையாக வந்தன. பார்த்துக்கொண்டு நின்ற சந்திரகலா, அந்தக் குவியலில் ஒரு தலையணையைக் கண்டாள். பூப்போட்ட உறை. போன போகிக்கு முதல் நாள் அவள் வீட்டிலிருந்து எறிந்தது. யாருக்கும் அது அவளுடையது என்று தெரியாது. அவள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று முழுக்க அவளால் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். அவளுடைய புருஷன் ஆதிமூலம் மில்லில் ஷிப்டு வேலை செய்பவன், அதிகம் பேசாதவன். "ஒனக்கு ஏன் இந்த வேல?" என்று மட்டும் கேட்டான். வீதியில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பையனின் சாவு அப்போது எல்லோர் மனதிலும் ஈரமாக இருந்தது.

மேட்டுக் கோடியில் மாடி வீட்டுக்காரர் சக்கரபாணி. பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். வீதியில் அவரைச் சொல்தா என்பார்கள். அவர் வீட்டுக் கூடத்தில்தான் எல்லோரும் கூடினார்கள்.

"பிரெஞ்சு தேசத்துல, துலோன்ல நான் இருந்தப்ப ஒரு துண்டுக் காயிதம் கீழ போட முடியாது. போலீஸ்காரன் வந்து தோளத் தட்டுவான். அது மனுஷன் இருக்கற ஊரு" என்றார் சக்கரபாணி. "மேரியில சொல்லி நான் தொட்டி வாங்கித் தரேன். நம்ம ஜனங்க அதுல போடுவாங்களா, அதச் சொல்லுங்க."

நகராட்சியை அவர் கடைசிவரை மேரி என்றுதான் சொன்னார்.

"போடுவாங்க மாமா. ஒரு புள்ள போயிருக்குதே" என்றாள் சந்திரகலா.

தை மாதத்தில் சிமென்ட் உறைத்தொட்டி ஒன்று மாட்டு வண்டியில் வந்தது. கூட வந்த சூப்பர்வைசர், "எங்க எறக்கணும்?" என்று கேட்டார்.

வீதியே கூடி நின்றது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சக்கரபாணி, தன் வீட்டு எதிரில் டாக்ஸி வந்தால் திரும்புகிற இடம் என்றார். நடுவீதியில் தையல் கடை வைத்திருந்த முருகையன், "வெள்ளத் துணி தொங்குற எடம், ஈ மொய்ச்சா என்னா ஆவறது?" என்றான். இன்னொருவர் தன் வாசலில்தான் சாமி புறப்பாடு நிற்கும் என்றார். இன்னொரு வீட்டில் மருமகள் மாசமாக இருந்தாள். சூப்பர்வைசருக்கு அலுத்துப் போனது.

"எடம் இல்லன்னா சொல்லுங்க. திருப்பி எடுத்துக்கினு போறேன். கேக்கறதுக்கு வேற வீதி இருக்குது."

"எங்க வூட்டாண்டயே எறக்குங்க சார்" என்றாள் சந்திரகலா. "ஒழுங்கா உள்ள போட்டா என்னா ஆயிடப் போவுது?"

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த குஞ்சம்மாள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை வெகுநேரம் விடவில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆளாளுக்குக் கூடையோடு வந்து தொட்டியில் கொட்டிவிட்டு, சந்திரகலாவோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். பிறகு பெரியவர்கள் வருவது நின்றது. பிள்ளைகளிடம் கூடையைக் கொடுத்து அனுப்பினார்கள். தொட்டியின் விளிம்பு பிள்ளைகளின் தலைக்கு மேல் இருந்தது. அவை தொட்டியின் காலடியில் கொட்டிவிட்டு ஓடின. அதைப் பார்த்துப் பெரியவர்களும் கிட்டே வர அருவருத்து, தூர நின்று எறிந்தார்கள். பாதி உள்ளே விழுந்தது, பாதி வெளியே. நாய் கிளறியது, மாடு இழுத்தது. பன்றிகள் வழி கண்டுபிடித்து வந்தன. மேட்டு வீட்டுக்காரர்களோ, அவ்வளவு தூரம் யார் நடப்பது என்று பழையபடி கொல்லைச் சுவருக்கே திரும்பிவிட்டார்கள். சக்கரபாணி வீட்டு வேலைக்காரி தினமும் காலையில் வாய்க்காலில் கொட்டுவது சந்திரகலாவின் கொல்லையிலிருந்தே தெரிந்தது.

நகராட்சி வண்டி நாள் தவறாமல் வந்தது. வண்டிக்காரர் அம்மாவாசை தொட்டியில் இருந்ததை வாரிக்கொண்டு போவார். "உள்ள இருக்கறத வாரிடலாம்மா. வீதி பூரா எறைஞ்சி கெடந்தா நான் ஒத்த ஆளு எத்தினி வீதிக்கு வாருவேன்?" என்பார். அவர் போன பிறகு சந்திரகலா துடைப்பமும் தகரமும் எடுத்துவந்து வெளியே கிடப்பதை அள்ளித் தொட்டியில் போடுவாள். அவள் அள்ளுவதைப் பார்த்து ஜனங்கள் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தாள். அவர்களுக்கு அது ஏற்பாடாகப் போய்விட்டது.

ஒருநாள் முருகையன் பெண்சாதி ஆதிலட்சுமி, மீன் கழுவிய குப்பையைப் பத்தடிக்கு அப்பால் நின்று வீசினாள். அது சந்திரகலா போட்டிருந்த கோலத்தில் வந்து விழுந்தது.

"ஏன் ஆதிலட்சுமி, ரெண்டு அடி நடந்து வந்து போடக்கூடாதா?"

"போடத்தான் போட்டேன். வுழல. அதுக்கு நான் என்னா பண்ணுவேன்?"

"நீ போட்டத நான் அள்றனே, அது ஒனக்குத் தெரியுதா?"

"தொட்டி வேணும்னு கேட்டது நீதான? ஒன் வூட்டு எதிர்ல நீதான கூப்ட்டு வெச்சிக்கின. அள்ளு."

அதைச் சுற்றி நின்று கேட்ட நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்களில் வேம்புவின் பாடையைத் தூக்கியவனும் ஒருவன்.

பேர் வந்து ஒட்டிக்கொண்டது. பால்காரன், தபால்காரர், ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் குப்பைத்தொட்டி வீடு என்றுதான் அடையாளம் சொன்னார்கள். சந்திரகலாவின் ஒரே மகள் சுலோசனா டைப்பு படிக்கப் போய்க்கொண்டிருந்தாள். கூடப் படிக்கிற பெண்கள் விலாசம் கேட்டால் அவள் பக்கத்து வீதியின் பேரைச் சொன்னாள். இரவு ஷிப்டு முடிந்து வந்து பகலில் தூங்குகிற ஆதிமூலம், முகத்தில் மொய்க்கிற ஈயோடு போராடிவிட்டு எழுந்து உட்கார்ந்து பீடி பிடித்தான்.

சுலோசனாவுக்கு அரியாங்குப்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் கரண்டு ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சந்திரகலா அன்று காலையிலேயே தொட்டியைச் சுற்றிப் பெருக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தூவினாள். வீடு வீடாகப் போய், "இன்னிக்கி ஒரு நாளு மட்டும் ராத்திரிக்குக் கொட்டுங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். ஆதிலட்சுமியின் வீட்டிலும் கேட்டாள். சரி என்றார்கள்.

அன்று முருகையன் வீட்டில் பேரனுக்குக் காது குத்து. கிடா வெட்டி விருந்து. மூன்று மணிக்குப் பந்தி முடிந்ததும், சமையல் ஆட்கள் எச்சில் இலையையும் எலும்பையும் ஆட்டுக் குடலையும் கொண்டுவந்து தொட்டியடியில் தள்ளிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சந்திரகலா அடுக்களையில் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து பார்த்தபோது பன்றிகள் வந்திருந்தன. அவள் துடைப்பத்தை எடுக்க ஓடினாள். வீதி முனையில் மாப்பிள்ளை வீட்டார் ரிக்ஷாவை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பையனின் தாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வாசற்படி ஏறினாள். காப்பியை வாயருகே கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தாள். சுலோசனா வந்து கும்பிட்டபோது நல்ல முகம் என்று சொன்னாள், நன்றாகத்தான் பேசினாள். நாலு நாள் கழித்துத் தரகர் வந்தார்.

"பொண்ணப் பத்திக் கொறையே சொல்லலம்மா. எடம்தான் யோசிக்கறாங்க. நாளைக்கி சொந்தக்காரங்க சம்பந்தி வூடு எதுன்னு கேட்டா என்னான்னு சொல்றதுன்னு அந்தம்மா கேக்குது."

ஆதிமூலம் அதைக் கேட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தரகர் போன பிறகு சொன்னான். "ஊருக்கு நல்லது பண்ணின. பொண்ணுக்குக் கெட்டது பண்ணிட்ட."

சுலோசனா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் அழவில்லை என்பதுதான் சந்திரகலாவுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆதிமூலமும் முருகையனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து தொட்டியைச் சாய்த்து உருட்டினார்கள். மேட்டுக்கு உருட்டுவது கஷ்டம். பள்ளத்துக்கு அது தானே போனது. சக்கரபாணியிடம் முன்பே பேசியாகிவிட்டது. "கோடில ஒதுக்குப்புறமா இருந்தா யாருக்கும் தொந்தரவு இல்ல" என்று அவரும் சொல்லியிருந்தார். சந்திரகலா வாசற்படியில் நின்றாள். தொட்டி தன் வீட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்தாள். எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் ஆதிமூலம் நின்றிருப்பான். அவள் சொல்லவில்லை. தொட்டி போன இடத்தில் வட்டமாக ஈரமண் தெரிந்தது. அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அதைக் கழுவினாள்.

குஞ்சம்மாள் அப்போது இட்லி விற்றுக்கொண்டிருந்தாள். கையில் கரண்டியோடு எழுந்து வந்தாள்.

"என்னா அண்ணே, இங்க கொண்டாந்து எறக்கறீங்க? நான் சோறு விக்கற எடமாச்சே."

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்றான் ஆதிமூலம். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மத்தியானம் குஞ்சம்மாள் சந்திரகலா வீட்டுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நீ ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க. வாய்க்காங்கரப் பக்கம் அரசமரத்தாண்ட எடம் சும்மாதான கெடக்குது. அங்க தள்ளி வெச்சிக்கலாமில்ல?"

"அங்க குப்ப வண்டி போவாதாம், குஞ்சம்மா. கேட்டுட்டாங்க" என்றாள் சந்திரகலா. யாரும் கேட்டிருக்கவில்லை. "சுலோசனாவுக்கு ஒரு எடம் அமையற வரைக்கும் பொறுத்துக்க. அப்புறம் நானே பேசறேன்."

குஞ்சம்மாள் போகத் திரும்பினாள்.

"சரிக்கா. ஒனக்குப் பொண்ணு இருக்குது. எனக்கு யாரு இருக்காங்க, வந்து பாத்துட்டு மூக்கப் பொத்திக்கினு போறதுக்கு."

வருஷம் திரும்புவதற்குள் சுலோசனாவுக்கு வில்லியனூரில் வரன் அமைந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் வீதி சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார்கள். கல்யாணத்துக்குக் குஞ்சம்மாள் வந்தாள். கடைசிப் பந்தியில் சாப்பிட்டு, ஒரு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்துவிட்டுப் போனாள். தொட்டியைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. சந்திரகலாவும் எடுக்கவில்லை. எடுத்தால் அது தன் வாசலுக்குத்தான் திரும்பும் என்று பயந்தாள். மகள் புருஷனோடு வந்து போகிற வீடு அல்லவா.

குப்பைத்தொட்டிப் பக்கத்தில் இட்லி வாங்க யாரும் வரவில்லை. மில்லுக்குப் போகிறவர்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். குஞ்சம்மாள் கொஞ்ச நாள் கூடையில் வைத்துத் தலைச்சுமையாக விற்றுப் பார்த்தாள். குப்பைத்தொட்டி வீட்டு இட்லி என்று அங்கேயும் யாரோ சொன்னார்கள். அந்தப் பேர் இப்போது அவளுடையதாகியிருந்தது. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை கிடைத்தது. போக வர பஸ் தோதுப்படவில்லை என்று அங்கேயே ஒரு ரூம் பார்த்துக்கொண்டாள். வீட்டை விற்கக் கேட்டுப் பார்த்தாள். வந்தவர்கள் தொட்டியைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பினார்கள். பூட்டிக்கொண்டு போனாள்.

ஒரு மழையில் அந்தப் பூட்டிய வீட்டின் ஓடு சரிந்தது. அதன்பிறகு வீதிக்குத் தொட்டியே தேவைப்படவில்லை. ஜன்னல் வழியாகவும், சரிந்த கூரை வழியாகவும் உள்ளேயே கொட்டினார்கள். நாய் கிளறாது, மாடு இழுக்காது, கண்ணுக்கும் தெரியாது. அப்போது கடைகளில் பிளாஸ்டிக் பைகள் வர ஆரம்பித்திருந்தன. குப்பையைப் பையில் கட்டித் தூரத்திலிருந்தே வீச வசதியாக இருந்தது. தொட்டியின் பக்கம் விரிசல் விட்டு ஒருநாள் இரண்டாகப் பிளந்து கிடந்தது. வேறு தொட்டி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வேம்பு படுத்திருந்த அறையில் குப்பை இடுப்பளவு நின்றது.

எண்பத்துமூன்றில், சுலோசனா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்த சமயம். சந்திரகலா காலையில் கூடையை எடுத்துக்கொண்டு கோடிக்குப் போனாள். அந்த வீட்டு முன்னால் ஒரு தட்டுவண்டி நின்றது. குஞ்சம்மாள் ஒரு தச்சனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவன் வாசற்கதவைக் கழற்றிக்கொண்டிருந்தான். கடற்கரைப் பக்கம் பழைய வெள்ளைக்காரர் வீடு ஒன்றை இடித்தபோது அவள் புருஷன் பாவாடை சொற்ப விலைக்கு வாங்கிவந்து மாட்டிய தேக்குக் கதவு அது. சேதராப்பட்டில் ஒரு குடிசை போட்டிருப்பதாகவும், அதற்கு வேண்டும் என்றும் தச்சனிடம் சொல்லிக்கொண்டிருந்தவள், காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

சந்திரகலாவுக்குக் கூடையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மறைக்க முடியாத அளவுக்குப் பெரிய கூடை.

"நல்லா இருக்கியா, குஞ்சம்மா?"

"இருக்கறேன்க்கா. சுலோசனா வந்திருக்குதாமே?"

"மாசமா இருக்குது. இந்த மாசக் கடைசில."

"நல்லபடியா பொறக்கட்டும்."

சந்திரகலா கூடையோடு திரும்பிப் போகப் பார்த்தாள்.

"எங்கக்கா திருப்பி எடுத்துக்கினு போற? கொட்டத்தான வந்த?" என்றாள் குஞ்சம்மாள். குரலில் கோபம் இல்லை. கிட்டே வந்து கூடையைக் கையிலிருந்து வாங்கினாள். தச்சனை ஒதுங்கச் சொல்லிவிட்டு, நிலைப்படி தாண்டித் தன் வீட்டுக்குள் போய், குவியலின் மேல் கொட்டினாள். கூடையைத் தட்டி, ஒட்டியிருந்த முட்டை ஓட்டையும் உதிர்த்துவிட்டு வெளியே கொண்டுவந்து கொடுத்தாள்.

"இந்தா."

"குஞ்சம்மா, நான் அன்னிக்கே பேசியிருக்கணும்."

"பேசியிருந்தா ஒன் வூட்டு வாசல்ல இருந்திருக்கும். யாரு வூட்டு வாசல்லயாவது இருந்திருக்கும்" என்றாள் குஞ்சம்மாள். "வேம்பு போனப்ப மொத ஆளா வந்து நின்ன நீ. அதனால எனக்கு ஒன்மேலதான் கோவம். மத்தவங்க மேலல்லாம் இல்ல."

கதவைத் தட்டுவண்டியில் படுக்கவைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். குஞ்சம்மாள் வண்டியின் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தே போனாள். வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். "என்னா குஞ்சம்மா, சௌக்கியமா?" என்று சக்கரபாணி மாடியிலிருந்து கேட்டார். அவள் நிமிர்ந்து கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சந்திரகலா வெறுங்கூடையோடு வீட்டுக்கு வந்தாள். கோடி வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று சுலோசனா கேட்டதற்கு, யாரும் இல்லை என்றாள்.

கதவு இல்லாதது வீதிக்கு இன்னும் சௌகரியமாகப் போயிற்று. ஜன்னலுக்கு எக்கி எறிய வேண்டியதில்லை. சந்திரகலா மட்டும் சில நாள் குப்பையைத் தூக்கிக்கொண்டு பெரிய வீதி முனை வரைக்கும் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். பிரசவமாகி, வீட்டில் குழந்தைத் துணி அலசுகிற வேலையே சரியாக இருந்தபோது அதற்கு நேரம் கிடைக்கவில்லை. ஒருநாள் கோடி வீட்டுக்குப் போனாள். தன்னோடு வந்த ஆதிலட்சுமிக்கு வழி விட்டு நின்று, அவள் கொட்டிய பிறகு தானும் கொட்டினாள்.